செங்கல் வெளிச்சுவருக்குப் பெயிண்டா, சுண்ணாம்பா?

குடந்தைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே என் தந்தையார் 1996-இல் கட்டிய வீட்டின் வெளிச்சுவர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வர இயலாமல் இதை எழுதுகிறேன். தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு. ஒன்பது அங்குலச் சுவர், நாட்டுச் செங்கல். உள்பக்கம் பூசியிருக்கிறது, வெளிப்பக்கம் பூச்சு இல்லை, கற்களுக்கு இடையிலுள்ள கோடுகளை மட்டும் கலவையால் அடைக்கும் சிமெண்ட் பாயிண்டிங் மட்டுமே. எங்கள் தெருவில் செங்கல் தெரியும்படி கட்டப்பட்ட ஒரே வீடு இதுதான் என்பதால், புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "பூசுவதற்குப் பணம் போதவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தந்தையாருக்கு அந்தச் செங்கல்மீது இன்றும் பெருமை குறையவில்லை.

சிக்கல் சில ஆண்டுகளாக உள்ளது. வடக்குச் சுவர் மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடுகிறது. மேற்குச் சுவரின் அடியில் நான்கு வரிசைக் கற்களில், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் தை, மாசியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அந்தக் கற்களை விரலால் தேய்த்தால் செந்தூள் உதிர்கிறது. மூன்று கற்களின் முகம் சில்லாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. அதே சுவரின் உள்பக்கத்தில் ஓதம் ஏறி, வெள்ளைப்பூச்சு முழங்கால் உயரம் வரை பொரிந்து நிற்கிறது.

பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்து, பிரைமர் ஒரு கோட்டும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டும் அடித்தால் ஏழாண்டுக்குக் கவலை இல்லை என்கிறார். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான கொத்தனார், செங்கல்லுக்குச் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் தொடவிடக் கூடாது என்கிறார். தந்தையார் எதுவுமே வேண்டாம் என்கிறார். என் துணைவியாருக்கு வீடு வெளுப்பாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் உண்டு; அதையும் தவறென்று சொல்ல முடியாது, ஏனெனில் மரங்களுக்கு நடுவே உள்ள இந்த வீடு மாலை நான்கு மணிக்கே இருண்டுவிடுகிறது. பொங்கலுக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எண்ணுகிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடலோர வீடு

ஐயா, நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன். நாகப்பட்டினம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு உள்ளது. உங்களைப் போலவே பூச்சில்லாத நாட்டுச் செங்கல் சுவர். அதற்குப் பிரைமரும் வெளிர்மஞ்சள் எமல்ஷனும் அடித்தோம். முதல் ஆண்டு வீடு புதிதாகக் கட்டியது போல இருந்தது. இரண்டாவது மழைக்காலமும் குறையின்றிக் கடந்தது. மூன்றாவது ஆண்டு மாசி மாதத்தில் தென்மேற்கு மூலையில் அப்பளம் பொரிந்தது போலக் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கொப்புளத்தைக் கையால் உரித்தபோது பெயிண்ட் மட்டும் வரவில்லை. அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் மேல்தோல் ஒரு நெல்மணிக் கனத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தோலுக்கும் கல்லுக்கும் நடுவே வெண்மையான ஊசி ஊசியான உப்பு இருந்தது. அதன் பிறகு அந்தச் சுவரைச் சுரண்டச் சுரண்டக் கல்லும் சேர்ந்தே கரைந்தது. பெயிண்ட் நீக்கும் திரவத்தையும் முயன்று பார்த்தோம். அது செங்கல்லின் துளைகளுக்குள் பெயிண்டைக் கரைத்து இன்னும் ஆழமாக இறக்கிவிட்டது. கடைசியில் வேறு வழியின்றி மேற்குப் பக்கம் முழுவதையும் பூசி மறைத்தோம். பூச்சிலும் இப்போது ஓதம் தெரிகிறது.

பெயிண்டின் தரத்தையோ அடித்தவர்களின் வேலையையோ நான் குறை சொல்ல மாட்டேன். சுவருக்குள் தண்ணீர் இருந்தது; அதன் வாயை நாங்கள் அடைத்தோம். உங்கள் மேற்குச் சுவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எங்கள் மூலைதான் கண்முன் வந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

சகோதரியின் அனுபவத்துக்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது. இருப்பினும், குடந்தைவாசி அவர்களே, எதை அடிப்பது என்ற கேள்விக்கு முன்னால், மேற்குச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு விடை தெரியாமல் எதை அடித்தாலும் பணம் வீணாகும்.

செங்கல் தண்ணீர் குடிக்கும் பொருள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1077, சாதாரணக் கட்டடச் செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்று வரம்பு வைக்கிறது. வரம்புக்கு உட்பட்ட நல்ல கல்லே, மூன்று கிலோ எடை இருந்தால், அறுநூறு மில்லி வரை குடிக்கலாம் என்பது இதன் பொருள். சூளையில் சரியாக வேகாத கல் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். குடித்த நீர் வெளியேற வேண்டும். வெளியேறும்போது மண்ணிலிருந்தும் கலவையிலிருந்தும் கல்லிலிருந்தும் கரைத்து எடுத்த உப்பைக் கூடவே கொண்டுவரும். சுவரின் முகம் திறந்திருந்தால் நீர் முகத்திலேயே ஆவியாகி, உப்பு வெளியே பூக்கும். பார்ப்பதற்கு அழகாக இராதே தவிர, துடைப்பத்தால் தள்ளிவிடலாம். முகத்தின்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள படலம் ஒன்றைப் போர்த்திவிட்டால், நீர் படலத்துக்குப் பின்னால் தேங்கி, உப்பு கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது ஏற்படும் அழுத்தம்தான் கல்லின் தோலை உரிக்கிறது. எமல்ஷன் நீராவியை அறவே விடாது என்று சொல்வது மிகை. ஆனால் ஈரமான, உப்பேறிய சுவர் விடும் அளவுக்கு அது விடாது.

சுண்ணாம்பின் தன்மை வேறு. சுட்ட சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ தண்ணீரில் நீறி, பின்னர் சுவரில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அது படலமாகப் போர்த்திக்கொள்ளாமல் செங்கல்லின் துளைகளில் பற்றிக்கொள்கிறது; நீராவிக்கு வழி விடுகிறது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பாசி எளிதில் பிடிப்பதில்லை என்பது உங்கள் வடக்குச் சுவருக்குக் கூடுதல் நன்மை. அந்தக் காரம் காலப்போக்கில் குறைந்துவிடும்.

அதற்காகச் சுண்ணாம்பை மருந்தென்று எண்ணிவிடக் கூடாது. அது ஓதத்தை நிறுத்தாது. உப்பு அதன் வழியாகவும் வெளியே வரும். வரும்போது சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வரும். கல் உதிர்வதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு உதிர்கிறது என்பதே வேறுபாடு. உதிர்ந்த இடத்தில் மறுபடி அடிப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. நேரடியாக மழைச் சாரல் அடிக்கும் முகத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க நேரலாம். மேலும், சிலர் சொல்வது போல, வேண்டாமென்றால் கழுவிவிடலாம் என்பதும் முழு உண்மை அன்று. மழையில் தேயும், தேய்த்தால் மங்கும். ஆனால் துளைகளில் ஏறிய வெண்மை பல்லாண்டுகள் நிற்கும். தந்தையாரின் செங்கல் பழைய சிவப்புக்கு முழுமையாகத் திரும்பாது என்பதை அறிந்தே முடிவெடுங்கள். சிமெண்ட் பாயிண்டிங்கின்மேல் சுண்ணாம்பு கல்லில் பிடிப்பது போலப் பிடிக்காது என்பதால், கோடுகள் வேறு சாயலில் தெரியும். எனக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவே சிமெண்ட் பெயிண்ட் என்று தூளாக விற்கப்படும் பொருள் உண்டு. அடித்த பின் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். நம் பக்கத்தில் அதைப் பொறுமையாகச் செய்பவர் அரிது. உப்புள்ள நாட்டுச் செங்கல்லுக்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதை எடுக்க நினைத்தால் கல்லையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது சோதனை. ஓர் உள்ளங்கைத் தண்ணீரைச் சுவரின் பல இடங்களில் தெளித்துப் பாருங்கள். கல் உடனே குடிக்கிறதா, துளியாக உருண்டு இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரின் அடியில் இரண்டடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பிறகு, மாடித் தண்ணீர் இறங்கும் குழாய், தொட்டி நிரம்பி வழியும் இடம், சன்ஷேடின் அடியில் நீர் உள்வாங்காமல் சொட்டுவதற்கான பள்ளக்கோடு, சுவரை ஒட்டிய மண்ணின் மட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். பாசியைக் கழுவ ஆசிட் பயன்படுத்த வேண்டாம். அது தானே ஓர் உப்பை விட்டுச் செல்லும். கம்பி பிரஷும் வேண்டாம்.

கோவைக்காரர்

எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் வீடு வயர்கட் செங்கல்லில், அதாவது இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுத்துச் செய்யும் கல்லில் கட்டியது. எட்டாண்டுக்கு முன் எமல்ஷன் அடித்தோம். இன்றுவரை ஓர் இடத்திலும் உரியவில்லை. காரணங்களை ஆராய்ந்தால், கல் இறுக்கமானது, முகம் வழவழப்பானது; வீட்டைச் சுற்றி இரண்டரை அடி சன்ஷேட் உண்டு; கோவையில் உங்கள் டெல்டாவைப் போல வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் இல்லை, நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருப்பதும் இல்லை. சுவர் காய்ந்து கிடந்தால் பெயிண்ட் ஒரு குற்றமும் செய்வதில்லை. சுண்ணாம்பில் சாய்ந்த சட்டையோடு அலுவலகம் போன அனுபவம் எனக்குச் சிறு வயதிலேயே போதுமான அளவு கிடைத்துவிட்டது.

ஆகவே, பெயிண்ட் என்றாலே கேடு என்று முடிவு கட்டாமல், எந்தக் கல், எந்த ஊர், எந்தச் சுவர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வயர்கட் கல்லின் வழவழப்பான முகத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தால் அது ஒரு மழைக்குக்கூட நின்றிருக்காது. ஆனால் நீங்கள் விவரித்த மேற்குச் சுவரில், அது காயும் வரை, நானும் பெயிண்ட் அடிக்க மாட்டேன்.

காரைப்பூச்சுக் கொத்தனார்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்கிறேன். கோவைக்காரர் ஐயாவின் சட்டையில் ஒட்டியது சுண்ணாம்பின் குற்றமாக இருந்திருக்காது. திக்காக அடித்ததன் குற்றம். ஒரே கோட்டில் வெளுக்க வேண்டும் என்று தயிர் போலக் கலக்கி அடித்தால் அது காய்ந்து மாவாகத்தான் நிற்கும். பால் போல மெல்லியதாக இருக்க வேண்டும். அடிக்கும்போது செங்கல் அப்படியே தெரியும். ஆட்கள் ஒன்றுமே அடிக்கவில்லை என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். புதுச் சுவருக்கு மூன்று கோட்டாவது வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் விட வேண்டும்.

கடையில் பையில் வரும் தூளைவிட, நீற்றாத சுண்ணாம்பை வாங்கி வீட்டிலேயே நீற்றுவது நல்லது. ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது அரசுக் கட்டுமான விவரக்குறிப்பிலும் உள்ள கணக்குதான். நீற்றி ஒரு நாள் விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். நான் இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஊற விடுவேன். நீற்றும்போது பானை கொதிக்கும்; பிளாஸ்டிக் வாளியில் செய்யாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிளறாதீர்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

பிடிமானத்துக்குக் கோந்து அல்லது வச்சிரப் பசையை வெந்நீரில் கரைத்துச் சிறிதளவு சேர்ப்பார்கள். சில ஊர்களில் அரிசிக் கஞ்சி. இப்போது பலர் வெள்ளைப் பசையை டப்பா டப்பாவாகக் கொட்டுகிறார்கள். கூடுதலாகப் போட்டால் அதுவும் ஒரு பெயிண்ட் ஆகிவிடும். பிறகு சுண்ணாம்பு அடித்ததற்கு என்ன பொருள்? கடுக்காயும் வெல்லமும் காரைக் கலவைக்கு உரியவை. வெள்ளையடிப்பதற்கு அவை வேண்டாம், சாயம் இறங்கும்.

அடிப்பதற்கு முந்தைய மாலையும் அன்று காலையும் சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த நாட்டுக்கல் சுண்ணாம்பிலுள்ள தண்ணீரை ஒரே மூச்சில் இழுத்துவிடும். பிறகு சுண்ணாம்பு பிடிக்காது. தை, மாசியில் வெயில் ஏறுவதற்கு முன் அடிப்பதே சிறப்பு. பங்குனி வெயிலில் அடித்தால் கல்லாவதற்குள் காய்ந்துவிடும். மழைக்கு முன்னால் அடித்தால் தெருவில் ஓடும். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்காக மார்கழியில் ஈரச் சுவரில் அடிப்பதைவிட, பொங்கல் கழிந்து அடிப்பது மேல்.

அம்மா அவர்களுக்கு வெள்ளை மட்டுமே வேண்டும் என்றில்லை என்றால், காவியோ மஞ்சள் காவியோ கலக்கலாம். மண்ணிலிருந்து வரும் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு அருகே காவிப் பட்டை வெயிலிலும் மழையிலும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிட்டிகைக் காவி சேர்த்த சுண்ணாம்பு, செங்கல்மீது கண்ணைக் கூசாத வெளுப்பாக இருக்கும்.

குடந்தைவாசி

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முகப்புச் சுவரில் தெளித்த தண்ணீர் தாமரை இலையில் விழுந்தது போல உருண்டு இறங்கியது. தந்தையாரைக் கேட்டபோதுதான், 2009-இல் முகப்புக்கு மட்டும் நிறமற்ற வார்னிஷ் போன்ற ஒன்றை அடிக்கச் சொன்னதாக நினைவுகூர்ந்தார். வடக்குச் சுவரும் மேற்குச் சுவரும் தண்ணீரை உடனே குடித்தன. மேற்கில் ஒட்டிய பாலிதீன் தாளின் உள்பக்கம் மறுநாள் காலையிலேயே முத்து முத்தாக வியர்த்திருந்தது.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மேற்குச் சுவரை ஒட்டி, என் துணைவியார் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் பாத்தி கட்டியுள்ளார். ஆண்டுதோறும் எருவும் மண்ணும் கொட்டியதில் பாத்தியின் மட்டம், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமலிருக்கப் போட்ட, வெளியே கோடாகத் தெரிய வேண்டிய ஓதத்தடுப்புப் பூச்சுக்கு மேல் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. அந்தப் பாத்திக்கு நாள்தோறும் இரண்டு குடம் போர்த் தண்ணீர் ஊற்றுகிறோம். அத்தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உவர்ப்பு. மழையைக் குறை சொல்லிக்கொண்டு, உப்புத் தண்ணீரை நாங்களே சுவருக்கு ஊட்டி வந்திருக்கிறோம்.

முகப்பில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துள்ளேன். தந்தையாருக்கு இதில் மகிழ்ச்சி. அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் செங்கல் அப்படியே இருக்கும். வடக்குச் சுவருக்கு, பொங்கல் கழிந்த பின், காவி கலந்த சுண்ணாம்பு மூன்று கோட். மேற்குச் சுவரை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். உடைந்த மூன்று கற்களை மாற்றிவிட்டு அதையும் இந்த ஆண்டே அடித்துவிடலாமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

மேற்குச் சுவருக்கு இந்த ஆண்டு எதுவும் அடிக்காதீர்கள். பாத்தியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். சுவரோரத்து மண்ணை, ஓதத்தடுப்புக் கோட்டுக்குக் கீழே குறைந்தது ஆறு அங்குலம் இறங்கும் வரை வெட்டி எடுத்து, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். ஈரம் வெளியேற வெளியேற முதல் ஆண்டில் உப்பு இப்போது பூப்பதைவிடக் கூடுதலாகவே பூக்கும், அச்சம் வேண்டாம். தண்ணீரால் கழுவினால் உப்பு மீண்டும் கல்லுக்குள் போய்விடும் என்பதால், உலர்ந்த நார் பிரஷால் தள்ளி, தூளை முறத்தில் ஏந்தி அப்புறப்படுத்துங்கள். கீழ் நான்கு வரிசையில் உள்ள சிமெண்ட் பாயிண்டிங்கைச் சிற்றுளியால் மெதுவாக நீக்கி, சுண்ணாம்புக் கலவையில் செய்து கொடுக்கும்படி உங்கள் கொத்தனாரைக் கேளுங்கள். ஈரம் கல்லின் வழியாக மட்டுமே வெளியேறும் நிலை மாறும். முகம் பெயர்ந்த கற்களையும் அப்போதே மாற்றிவிடலாம்; மாற்றும் கல்லை ஒன்றோடொன்று தட்டி, மணி போல ஒலிக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அடுத்த மாசியில் அதே இடத்தில் பாலிதீன் தாளை ஒட்டிப் பாருங்கள்.

கடலோர வீடு

மல்லிகைப் பாத்தியை மாற்றச் சொல்லும்போது உங்கள் துணைவியாரிடம் என் பெயரையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மூலையில் இருந்தது துளசி மாடம். அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றியவள் நான்தான்.

குடந்தைவாசி

சொல்லிவிட்டேன், சகோதரி. பாத்தி நேற்று கிணற்றடிக்குப் போய்விட்டது. மண்ணை அள்ளியபோது, ஓதத்தடுப்புக் கோட்டுக்கு மேலே, பாத்தி மூடியிருந்த இரண்டு வரிசைக் கற்கள் கையோடு வரும் அளவுக்கு இளகி இருந்தன. மாற்ற வேண்டிய கற்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து பதினொன்றாகிவிட்டது. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.